ஆறாண்டுப் படிப்பு எதற்கு?

 

சென்ற ஆண்டு ஒரு மாலை. அஸர் தொழுகை முடிந்து மதரஸாப் பிள்ளைகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். பாபநாசத்தில் அந்த நேரத்துக்கு மலைக்காற்று இறங்கத் தொடங்கிவிடும். விக்கிரமசிங்கபுரத்து நூற்பாலையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், கையில் ஒரு நீண்ட உறையுடன் வந்து என் எதிரில் அமர்ந்தார். சற்று நேரம் உறையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"ஹஜ்ரத், இது என் மகளுக்கு வந்திருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டாள். இப்போது பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருஷம், ஆறு வருஷம் ஆகுமாம். பதினேழு வருஷம் படித்தது போதாதா? இன்னும் ஆறு வருஷம் என்ன படிப்பு? அதிலும் உயிரணுவை மாற்றுகிற படிப்பாம். அது மார்க்கத்தில் ஆகுமானதுதானா என்று அவள் உம்மா கேட்கிறாள். இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டும் வந்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. "மூன்று நாள் தாருங்கள்; படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அவருக்கு வியப்பு. மதரஸா ஆசிரியர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மூன்று நாள் எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அறிவியலில் மிகுந்த நாட்டமுடையவர். பட்டம் பெற்றபின் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அவருடைய வாப்பா இதே போல் என்னிடம் வந்து கேட்டார். நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள், வளைகுடாவுக்கு விசா கிடைத்தால் அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் போனார், நன்றாகச் சம்பாதித்தார், தங்கைகளைக் கரையேற்றினார். அல்ஹம்துலில்லாஹ். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த அட்மிஷன் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன் ஹஜ்ரத்." அதில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி, தெரிந்தவன் போல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன் என்பதுதான் என்னை உறுத்தியது.

நான் கலைப் பட்டதாரி. அறிவியல் எனக்கு அந்நியம். ஆகவே இம்முறை, அந்தப் பெண்ணையே அவள் வாப்பாவுடன் வரச் சொல்லிக் கேட்டேன். நூலகத்தில் கிடைத்தவற்றைப் படித்தேன். எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றில் பணியாற்றும் விலங்கியல் பேராசிரியர் ஒருவரிடம் விளக்கம் பெற்றேன். அப்போது அறிந்துகொண்டவற்றையே இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். ஏனெனில் இக்கேள்வி இனி ஒரு வீட்டுக் கேள்வியாக இருக்கப் போவதில்லை. நம் பெண் பிள்ளைகள் இன்று கல்லூரிப் படிகளைத் தாண்டி ஆய்வுக்கூட வாசலில் நிற்கிறார்கள்.

முதலில், அது என்ன படிப்பு?

அந்த அன்பரின் தாயார் பத்தமடையில் பிறந்தவர். பாய் முடைந்து பிள்ளைகளை வளர்த்தவர். ஆகவே அவருக்குப் பாயைக் கொண்டே சொன்னேன். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரை ஒன்றுதான். அதுவே படுக்கைப் பாயாகவும் ஆகிறது. மணமக்களின் பெயர் நெய்த பட்டுப் பாயாகவும் ஆகிறது. முடைபவருக்கு எல்லாக் கோலங்களும் தெரியும். ஆனால் தறியில் ஏறியிருப்பது ஒன்றுதான். நம் உடலும் அப்படியே. தாயின் வயிற்றில் ஒரே ஒரு உயிரணுவாகத் தொடங்கிய நாம், பின்னர் தோலாக, ஈரலாக, இதயமாக, கண்ணாகப் பிரிந்து வளர்கிறோம். மனித உயிரணுவுக்குள் சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்ட மரபுச் செய்தி இருக்கிறது. ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இருப்பது அதே செய்திதான். தோலின் அணுவுக்கும் ஈரலின் கோலம் தெரியும். எனினும் அது தோலுக்குரிய கோலத்தை மட்டுமே நெய்துகொண்டிருக்கிறது.

நெய்து முடித்த பாயைப் பிரித்து மீண்டும் கோரையாக்கி, வேறொரு பாயாக நெய்ய முடியுமா? முடியாது என்பதே நெடுங்காலம் அறிஞர்களின் எண்ணமாக இருந்தது. 1962இல் ஜான் கர்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி, தவளைக் குஞ்சின் குடலில் இருந்த உயிரணுவின் உட்கருவை எடுத்து, தன் உட்கரு நீக்கப்பட்ட தவளை முட்டைக்குள் வைத்தார். அதிலிருந்து தலைப்பிரட்டைகள் வளர்ந்தன. குடலின் அணு தன் பழைய நினைவை இழந்துவிடவில்லை. அதைத் திருப்பி எழுப்ப முடியும் என்பது அன்று தெரிந்தது.

இந்தக் கர்டனைப் பற்றிய ஒரு செய்தி என்னைப் போன்ற ஆசிரியர்கள் அனைவரும் அறிய வேண்டியது. 1949இல் அவர் பள்ளியில் படித்தபோது, உயிரியலில் அவ்வகுப்பு நிலையின் 250 மாணவர்களுள் கடைசி இடம். அவர் விஞ்ஞானியாக நினைப்பது நகைப்புக்குரியது என்னும் பொருள்பட அவருடைய ஆசிரியர் அறிக்கை எழுதினார். 2012இல் கர்டனுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பள்ளி அறிக்கையை அவர் சட்டமிட்டு வைத்திருந்தார். இதைப் படித்தபோது எனக்கு, ஒரு அட்மிஷன் கடிதத்தை இன்றும் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அந்த மாணவரின் நினைவுதான் வந்தது.

கர்டனுடன் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஜப்பானின் ஷின்யா யாமனாக்கா. முட்டை ஏதும் இல்லாமலே, வளர்ந்துவிட்ட உயிரணுவைத் தொடக்க நிலைக்குத் திருப்ப முடியுமா என்பது அவருடைய கேள்வி. அவருடைய ஆய்வுக்கூடத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு மாணவர் சேர்ந்தார். பெயர் கசுதோஷி தகஹாஷி. பொறியியல் பின்னணியிலிருந்து வந்தவர். உயிரியல் அவருக்குப் புதிது. ஆறாண்டுப் படிப்பு எதற்கு என்னும் கேள்விக்கு இவருடைய கதையே விடை என்று எனக்குத் தோன்றியது.

உயிரணுவைப் பின்னோக்கித் திருப்பக்கூடியவை என்று 24 மரபணுக்களை அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தனர். தகஹாஷி ஒவ்வொன்றாக எலியின் உயிரணுவுக்குள் செலுத்திப் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. பிறகு 24ஐயும் ஒன்றாகச் செலுத்தினார். சில உயிரணுக்கள் தொடக்க நிலைக்குத் திரும்பின. அப்படியானால் இருபத்து நான்கில் உண்மையாக வேலை செய்பவை எவை? எத்தனை சேர்க்கைகள் சாத்தியம் என்று கணக்குப் போட்டால் கோடியைத் தாண்டும். அதற்குத் தகஹாஷி கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் விலக்கிவிட்டு, மீதி 23ஐயும் செலுத்துவது. எது இல்லாதபோது வேலை நடக்கவில்லையோ, அது தேவையானது. இவ்வாறு இருபத்து நான்கு பத்தானது, பத்து நான்கானது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஆண்டே மனிதத் தோலின் அணுக்களிலும் அதைச் செய்து காட்டினர்.

நோபல் பரிசில் தகஹாஷியின் பெயர் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் முதல் பெயர் அவருடையது. ஒன்றை விலக்கிப் பார்க்கும் யோசனை அவருடையதே என்பதை யாமனாக்கா வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மாணவனின் பங்கை மறைக்காத ஆசிரியர் கிடைப்பது ஒரு பாக்கியம். ஆய்வுக்குச் செல்லும் பிள்ளைக்கு எந்த நிலையம் கிடைத்தது என்று விசாரிப்பதைவிட, எப்படிப்பட்ட வழிகாட்டி கிடைத்தார் என்று விசாரிப்பதே முதன்மையானது என்று பேராசிரியரும் எனக்குச் சொன்னார்.

இவையெல்லாம் ஜப்பானிலும் இங்கிலாந்திலும்தானே என்று அன்பர் கேட்டார். நம் துணைக்கண்டத்துக்கு வந்தேன்.

இன்று பாகிஸ்தானில் உள்ள முல்தான் பகுதியில் ராய்ப்பூர் என்றொரு சிற்றூர். சுமார் நூறு பேர் வாழ்ந்த ஊர். 1922இல் அங்கே பிறந்தவர் ஹர் கோவிந்த் கொரானா. தந்தை நிலவரிக் கணக்கு எழுதும் பட்வாரி. அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அது ஒன்றுதான். மரத்தடியில் பாடம் படித்த அந்தப் பிள்ளை, லாகூரில் எம்.எஸ்ஸி. முடித்து, அரசாங்க உதவித் தொகையில் இங்கிலாந்து சென்று 1948இல் லிவர்பூலில் டாக்டர் பட்டம் பெற்றது. 1949இல் தாயகம் திரும்பியவருக்குத் தகுந்த வேலை கிடைக்கவில்லை. மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்றார். பின்னர் கனடா, அமெரிக்கா. மரபுச் செய்தியின் எழுத்துக்களை உயிரணு எவ்வாறு படிக்கிறது என்பதை விளக்கியதற்காக 1968இல் மற்ற இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பரிசு பெற்றபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1970இல், ஒரு மரபணுவை அதன் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிவிட்டதாக அறிவித்தார். அதன் நீளம் 77 எழுத்துக்கள். அதற்கே அவரும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் உழைத்திருந்தனர். 1976இல், அவ்வாறு கோத்த வேறொரு மரபணு உயிருள்ள பாக்டீரியாவுக்குள் சரியாக வேலை செய்வதையும் காட்டினார். மரபணுக்களைத் திட்டமிட்டுக் கோத்து உயிரணுவைப் புதிய வேலைக்குப் பழக்கும் துறையை இன்று தொகுப்பு உயிரியல் என்கிறார்கள். அதற்கு அடிக்கல் நாட்டியவர்களுள் ஒருவர் அந்தப் பட்வாரியின் மகன்.

எழுத்தைக் கோப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். நீரிழிவு நோயாளி இல்லாத வீடு இன்று அரிது. ஒரு காலத்தில் இன்சுலின் மருந்து மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. வேறு வழியின்றி ஊசி போட்டுக்கொண்டு மனம் புழுங்கிய பெரியவர்களை எங்கள் ஊரிலேயே நான் அறிவேன். 1978இல் மனித இன்சுலினுக்குரிய மரபணுவை ஆய்வுக்கூடத்தில் கோத்து, பாக்டீரியாவுக்குள் வைத்து இன்சுலினை விளைவித்தனர். 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. அந்தப் பெரியவர்களின் மனச்சங்கடத்தைத் தீர்த்தது ஒரு ஃபத்வா மட்டுமன்று. எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் கண் விழித்த மாணவர்களின் உழைப்பும் ஆகும்.

இரண்டாவது கேள்வி: இது ஆகுமானதா? படைப்பில் கை வைப்பது ஆகாதா?

அந்தப் பெண்ணின் உம்மா அஞ்சியதில் தவறில்லை. படைப்பைப் பற்றிய பயபக்தி உள்ள உள்ளத்தில்தான் அந்தக் கேள்வி எழும். அவருக்கு நான் சொன்னது இதுதான். 2010இல் அமெரிக்காவில் ஒரு குழுவினர், நுண்ணுயிர் ஒன்றின் முழு மரபுச் செய்தியையும், ஏறத்தாழ 10.8 லட்சம் எழுத்துக்களை, கோத்து முடித்தனர். அதை எடுத்து, ஏற்கெனவே உயிருடன் இருந்த வேறொரு நுண்ணுயிருக்குள் வைத்தனர். முதலில் அது இயங்கவே இல்லை. தேடிப் பார்த்தபோது, இன்றியமையாத ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பத்து லட்சத்தில் ஒன்று! அந்தப் பிழையைத் திருத்திய பிறகே வேலை நடந்தது. ஹிஃப்ழு ஓதும் பிள்ளை ஒரு ஸேர், ஸபரை மாற்றி ஓதினாலும் நிறுத்தித் திருத்தும் எங்களுக்கு இது நன்றாகப் புரிகிறது. இத்தனை செய்தும் அவர்கள் உயிரைப் படைத்துவிடவில்லை. கோத்த செய்தியை வைப்பதற்கு, முன்பே உயிருள்ள ஓர் அணு வேண்டியிருந்தது. மனிதன் எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகுகிறான், ஏடு அவனுடையதன்று. இதை அதிகம் உணர்பவன் அந்த ஆய்வுக்கூடத்தில் இருப்பவனே.

ஆனால் எல்லாம் ஆகும் என்றும் நான் சொல்லவில்லை. உயிரணு எங்கிருந்து எடுக்கப்படுகிறது, எதற்காகப் பயன்படுகிறது என்னும் இரண்டையும் பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டு மக்காவில் கூடிய ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹு சபை இதை ஆராய்ந்தது. குருத்தணு எனப்படும் ஸ்டெம் செல்லின் மூலம் ஆகுமானதாக இருந்தால், அதை எடுத்து வளர்த்து மருத்துவத்துக்கும் ஆகுமான ஆய்வுக்கும் பயன்படுத்தலாம் என்று அது முடிவு செய்தது. அவசியமின்றி வேண்டுமென்றே கலைத்த கருவிலிருந்து எடுப்பதைத் தடுத்தது. யாமனாக்காவின் முறையில் கருவே தேவையில்லை; நோயாளியின் தோலோ இரத்தமோ போதும். கருவைத் தொடத் தயங்கிய உள்ளங்களுக்கு அறிவியலே ஒரு மாற்று வழியைத் திறந்துகொடுத்தது என்பதை உம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது.

மூன்றாவது கேள்வி: ஆறாண்டு செலவிட இது தகுமா?

இதற்கு அந்தப் பெண்ணே விடை சொன்னாள். அதுவரை தலை குனிந்து அமர்ந்திருந்தவள், "சாச்சி வீட்டுத் தம்பியை நினைவிருக்கிறதா ஹஜ்ரத்?" என்று கேட்டாள்.

எப்படி மறப்பேன்? அந்தச் சிறுவன் என் மதரஸாவில் அலிஃப், பே படித்தவன். அவனுக்குத் தலசீமியா என்னும் இரத்த நோய். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். பதினோரு வயதில் மவுத்தானான். அவனுடைய பெற்றோர் மாமன் மகளும் அத்தை மகனும் ஆவர். அந்த நிக்காஹ் மஜ்லிஸில் நானும் அமர்ந்து துஆச் செய்தவன். இந்நோயின் கூறு பெற்றோர் இருவரிடமும் மறைந்திருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கூறு ஒருவரிடம் மட்டும் இருந்தால் குழந்தைக்கு அந்நோய் வருவதில்லை. எளிய இரத்தப் பரிசோதனையில் இதை முன்கூட்டியே அறியலாம். சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்யும் குடும்பங்கள் நிச்சயத்துக்கு முன்பே அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள் என்று நான் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வருகிறேன். அன்று எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"அவனுடைய நோயைத்தான் படிக்கப் போகிறேன். அதற்கு வழி இருக்கிறது" என்றாள் அவள்.

வழி இருக்கிறது என்பது வெறும் ஆசை அன்று. நம் தமிழ்நாட்டிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெற்று வருகிறது. அங்குள்ள குருத்தணு ஆய்வு மையத்தில், முதிர்ந்த உயிரணுவைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் ஆய்வும், இரத்த நோய்களுக்கான மரபணுச் சிகிச்சை ஆய்வும் நடக்கின்றன. ஹீமோபிலியா என்பது சிறு காயத்திலும் இரத்தம் உறையாமல் ஒழுகும் பிறவி நோய். அக்கடும் நோயுற்ற ஐந்து பேரின் சொந்தக் குருத்தணுக்களை எடுத்து, குறைபட்ட மரபணுவின் நல்ல படியை அவற்றில் சேர்த்து, மீண்டும் அவர்கள் உடலிலேயே வேலூர் மருத்துவர்கள் செலுத்தினர். சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலம் முழுவதும் அவர்களுள் எவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை. 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் இது வெளியானது. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கையே. ஆய்வு இன்னும் தொடர வேண்டும். ஆயினும் நெல்லையிலிருந்து ஓர் இரவு இரயில் பயணத்தில் சென்றடையும் ஊரில் அது நடந்திருக்கிறது.

ஜப்பானிலும் 2014இல், நோயாளியின் தோலிலிருந்து திருப்பியெடுத்த உயிரணுக்களைக் கண்ணின் விழித்திரைப் படலமாக வளர்த்து, முதன்முறையாக ஒரு மூதாட்டியின் கண்ணில் பொருத்தினர். அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கண் மருத்துவர் மசாயோ தகஹாஷி ஒரு பெண்மணி.

இங்கே வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த அறிவியலின் பெயரைச் சொல்லி, மூளை வளர்ச்சிக் குறைபாடு முதல் மூட்டு வலி வரை எல்லாவற்றையும் குருத்தணுவால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வோர் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, இரத்த நோய்களுக்கும் அவை போன்ற சிலவற்றுக்கும் செய்யும் மஜ்ஜைக் குருத்தணு மாற்றே ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றவை ஆய்வு நிலையில் இருப்பவை. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அவற்றைச் சிகிச்சையாக விற்கக் கூடாது. நிலத்தை விற்றுப் பணம் கட்டுவதற்கு முன் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் கேட்டுவிடுங்கள். நம் பிள்ளைகளுள் நாலு பேர் இத்துறையைக் கற்றிருந்தால், இத்தகைய நேரத்தில் கேட்பதற்கு நமக்கென்று ஓர் ஆள் இருப்பார்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஆராய்ச்சிப் படிப்பு என்றதும் கட்டணம் கட்டியே அழிய வேண்டும் என்று அன்பர் நினைத்திருந்தார். அந்தப் பெண் அகில இந்தியத் தகுதித் தேர்வில் தேறியவள். அப்படித் தேறியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாத உதவித் தொகை முதல் இரண்டாண்டுகள் 37,000 ரூபாய். அதன்பின் 42,000 ரூபாய். தொகை சில வேளைகளில் தாமதமாக வருவதும் உண்டு; அதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிறுபான்மை மாணவர்களுக்கென இருந்த மௌலானா ஆசாத் உதவித் தொகை நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆகவே பொதுத் தேர்வுக்கே நம் பிள்ளைகளைப் பட்ட வகுப்பிலிருந்தே தயார் செய்ய வேண்டும்.

சேரும் முன் வழிகாட்டியைப் பற்றி விசாரியுங்கள் என்றேன். அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், பாதியில் விட்டவர்கள் உண்டா என்று பழைய மாணவிகளிடமே கேட்கலாம். விடுதி எப்படி, இரவு ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்ப வசதி உண்டா என்று ஒருமுறை நேரில் சென்று பாருங்கள் என்றேன். திருமணத்தைப் பொறுத்தவரை, படிப்பு முடியும் வரை தள்ள வேண்டும் என்பதுமில்லை; அவசரப்படுத்தி நிறுத்த வேண்டும் என்பதுமில்லை. பெண் கேட்டு வருபவர்களிடம் படிப்பு தொடரும் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுத் திரும்பிப் போகிற சம்பந்தம், பின்னால் வந்து வருத்துவதைவிட முன்னாலேயே போவது நல்லது.

இறுதியாக ஒன்று கேட்டேன். "ஆறு ஆண்டு உழைத்தும் எதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் மகளே?"

அவள் சற்று யோசித்தாள். "எது இல்லை என்பதாவது தெரிந்திருக்கும் ஹஜ்ரத். எனக்குப் பின்னால் வருகிறவர் அங்கே தேட வேண்டியிருக்காது" என்றாள்.

அன்பர் என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த மாதம் நெல்லைச் சந்திப்பில் அவளை இரயில் ஏற்றிவிட்டு வந்தார்கள்.

சில மாதங்களுக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். முகத்தில் கவலை. "நேற்று ஃபோனில் அழுதாள் ஹஜ்ரத். ஏழு வாரமாக வளர்த்த உயிரணுவெல்லாம் பூஞ்சணம் பிடித்துச் செத்துப் போயிற்றாம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்களாம். பேசாமல் வந்துவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். என்ன சொல்லித் தேற்றுவது?"

உங்கள் தாயார் பாய் முடையும்போது நடுவில் ஓர் ஊடை தப்பிவிட்டால் என்ன செய்வார் என்று கேட்டேன்.

"அதுவரை பிரிப்பார்கள். பிறகு மறுபடி முடைவார்கள்."

"உங்களிடம் ஏதாவது சொல்வார்களா?"

"ஒன்றும் சொல்ல மாட்டார்கள். விளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டு வா என்பார்கள்."

சொல்லிவிட்டு அவரே சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்தார். மஃரிப் பாங்குக்கு இன்னும் நேரமிருந்தது. பள்ளிவாசல் வாசலுக்குச் சென்று மகளுக்கு ஃபோன் செய்தார். அவர் கேட்டது என் காதில் விழுந்தது:

"அடுத்து என்னம்மா செய்யப் போகிறாய்? கொஞ்சம் எனக்குப் புரியும்படி சொல்லு."

பிள்ளைகளை ஆய்வுக்கு அனுப்பிய ஒவ்வொரு வாப்பாவும் உம்மாவும் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும். எப்போது முடியும், எப்போது சம்பளம் என்னும் கேள்விகளை ஊரே கேட்கும்.